உண்டியல் அல்ல, மிட்டாய் இயந்திரம்

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 10 நிமிடம். மேகம் மூடியிருந்தது, காற்று இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த கூடத்தில் 40 நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் 11 பேர். மின்விசிறிகள் நான்கு, சுற்றியவை இரண்டு. எண்ணுவதோடு நிறுத்தாமல் எண்ணியதிலிருந்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தேன் என்றால், அப்போதே படியிறங்கி ரயிலைப் பிடித்திருப்பேன். ஆனால் பயிற்சிக் கட்டணம் 500 ரூபாயை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள். அதில் எலுமிச்சை சாதப் பொட்டலமும் அடக்கம் என்றார்கள். சாப்பிடாமல் வர மனம் ஒப்பவில்லை.

ஆவடியில் ஒரு படைத்துறைத் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெர்னியரை வைத்து அளந்து, சரியில்லாததைத் தள்ளிவிடுவது என் வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் தோசை வட்டமாக இல்லை என்று நான் ஒருமுறைதான் சொன்னேன். அதை அவள் இன்றுவரை பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

மிட்டாய் விற்கும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்பதற்கு அவளுடைய முழங்காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். திருமுல்லைவாயிலில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, கீழ் ஒன்று, மேல் ஒன்று. ஒரு மழைக்காலத்தில் கீழ் வீட்டில் தண்ணீர் ஏறியபோது நாங்கள் மேலே போனோம். கீழே குடித்தனம் வைத்தோம். மாத வாடகை 9,000, அட்வான்ஸ் பத்து மாத வாடகை, ஆக 90,000. பிறகு மருத்துவர் அவளிடம், இனிமேல் மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது என்றார். அப்படியென்றால் நாங்கள் கீழே வர வேண்டும். குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பிள்ளையின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் போகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அட்வான்ஸ் வங்கியில் வைப்பு நிதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த வட்டாரத்து வீட்டு உரிமையாளர்களில் அட்வான்ஸை அப்படியே வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். மற்றவர்கள் மகளுக்கு நகை வாங்கினார்கள், மேலே இன்னொரு மாடி கட்டினார்கள், ஒருவர் காசிக்கே போய்வந்தார். அடுத்த குடித்தனக்காரர் கொடுப்பதை வாங்கி முந்தையவருக்குக் கொடுப்பார்கள். நான் மட்டும் ஏன் தூங்க விட வேண்டும் என்று நினைத்தபோதுதான், மிட்டாய் இயந்திர முதலாளி ஆகுங்கள் என்ற துண்டறிக்கை நாளிதழோடு வந்து விழுந்தது.

மனைவியிடம் மறைக்கவில்லை. அவள் தடுக்கவும் இல்லை.

"ஏப்ரல்ல நான் கீழ எறங்கணும். அன்னைக்கு அவங்க அட்வான்ஸ் அவங்க கையில இருக்கணும். நடுவுல நீங்க மிட்டாய் விக்கிறீங்களோ, யானை விக்கிறீங்களோ, அது உங்க பாடு" என்றாள்.

இந்த நிபந்தனையோடுதான் அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

பயிற்சியாளருக்கு முப்பது வயது இருக்கலாம். பதினோரு பேருக்குப் பாடம் சொல்ல, காதில் மாட்டிய மைக்கில் பேசினார். முதல் பாடம், இடம்தான் எல்லாம். இரண்டாம் பாடம், இடம் கொடுக்கிற கடைக்காரருக்கு விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்றாம் பாடம், இயந்திரத்தை ஒருபோதும் காலியாகக் காட்டக் கூடாது. நான்காம் பாடத்தை அவர் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்.

"சார், நீங்க தூங்கறீங்க. மெஷின் சம்பாதிக்குது. இதுதான் சார் பிசினஸ்."

எனக்குச் சில ஆண்டுகளாகத் தூக்கம் வருவதில்லை. இதை அவரிடம் சொன்னேன். அப்படியானால் நான் இரண்டு பங்கு சம்பாதிக்கலாம் என்றார். எப்படி என்று கேட்பதற்குள் சாதப் பொட்டலம் வந்துவிட்டது.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வண்ணம் அடித்த ஓர் இரும்புக் கால். அதன்மேல் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் உருண்டை. உள்ளே பல நிற மிட்டாய்கள். துவாரத்தில் ஐந்து ரூபாய்க் காசைச் செருகிக் கைப்பிடியைத் திருகினால், காசு உள்ளே போகும், கீழே ஒரு மிட்டாய் விழும். மின்சாரம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், தீபாவளி போனஸ் வேண்டாம். ஒன்று 14,500 ரூபாய். வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே உடைத்து மூன்று வாங்கினேன். உடைத்ததில் வட்டி நஷ்டம் 1,150. மிட்டாய் மூட்டைக்கு 5,400. மூன்றையும் மூன்று இடங்களில் இறக்கிய குட்டியானை வண்டிக்கு 900.

புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பயிற்சியில் சொல்லாத ஒன்று. ஐந்து ரூபாய்க் காசு என்று ஒரு காசு இந்த நாட்டில் இல்லை. தடித்த பழையது, அதே அகலத்தில் மெலிந்தது, மஞ்சள் நிறத்தது, கொஞ்சம் பெரிதாக வந்த புதியது என்று நான்கு சாதி இருக்கிறது. என் இயந்திரம் மஞ்சளை மட்டும் விழுங்கும். தடித்தது பாதியில் நிற்கும், மெலிந்தது பிடிபடாமல் வழுக்கும், பெரியது நுழையவே நுழையாது. வெர்னியர் வைத்து அளந்து, அளவுகளை ஒரு தாளில் எழுதிப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம் பதிலாக வந்தது.

முதல் இயந்திரத்தை அண்ணனூர் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் வைத்தேன். ஆயிரக்கணக்கான பேர் கடக்கிற இடம். கடந்தார்கள். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் நின்று கைப்பிடி திருகமாட்டான் என்பது பயிற்சியில் இல்லை. நின்ற சிலரும் கையில் போனை வைத்துக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றிவந்து ஸ்கேன் செய்கிற அட்டை எங்கே என்று தேடினார்கள். காசு போட வேண்டும் என்று சொன்னால், எண்பது வயதுக்காரரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எழுபத்தொன்றுதான்.

கடைக்காரருக்கு மட்டும் அந்த இயந்திரத்தை மிகவும் பிடித்துவிட்டது. முன்பெல்லாம் மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்து அனுப்பியவர் அவர். இப்போது வாரம் ஒருமுறை நான் இயந்திரத்தைத் திறக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார்.

"அந்தச் சில்லறைய எனக்குக் குட்த்துடு நைனா. நோட்டு தரேன். காசுக்கு எங்க போறது?"

கொடுப்பேன். வாடிக்கையாளரிடம் காசு இல்லாததால் மிட்டாய் விற்கவில்லை. விழுந்த கொஞ்சக் காசும் கடைக்காரர் கல்லாவுக்குப் போனது. அவர் அதை வாடிக்கையாளருக்குத் தந்தார். அவற்றில் எனக்குத் திரும்பி வந்தவை மிகச் சில. மொத்தம் விழுந்தது 214 காசுகள்.

இரண்டாவதுக்குக் குழந்தைகள் கூடும் இடம் வேண்டும் என்று ஒரு குழந்தை மருத்துவரைக் கேட்டேன். மிட்டாயா என்று கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அதே கட்டடத்தில் இருந்த பல் மருத்துவர் எழுந்து நின்று வரவேற்றார். பங்குகூட வேண்டாம், தாராளமாக வையுங்கள் என்றார். காத்திருப்பு அறையில் நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்துக் கொடுத்தார். அவர் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை, நான் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். விழுந்தவை 19 காசுகள். அவற்றில் மூன்று அந்த மருத்துவரே போட்டவை என்று அவருடைய உதவியாளர் சொன்னார்.

மூன்றாவதைத்தான் சரியான இடத்தில் வைத்தேன். அதனால்தான் எல்லாம் கெட்டது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டித் தார்ப்பாய் கட்டி ஓர் அம்மாள் பூ விற்கிறாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காசுக்கு ஒரு ரூபாய் பங்கு என்றதும் தார்ப்பாய் நிழலில் இடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமையானால் தன்னிடம் இருக்கும் எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பது அவள் வழக்கம். பூக்கூடைக்கு, கத்தரிக்கோலுக்கு, தண்ணீர்க் கேனுக்கு, போனின் முதுகுக்கு. வந்த முதல் வெள்ளிக்கிழமையே என் இயந்திரத்துக்கும் வைத்தாள். உருண்டைக்குக் கீழே ஒரு முழம் கதம்பமும் சுற்றினாள்.

சிவப்பாக ஒன்று, கோயில் மதில் ஓரம், மஞ்சள் குங்குமம், பூ, காசு போட ஒரு துவாரம். போதாதா? கோயிலிலிருந்து வந்தவர்கள் காசைச் செருகி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். கைப்பிடியைத் திருகவில்லை. தெருப் பிள்ளைகள் இதை ஒரே நாளில் கண்டுகொண்டார்கள். ஒரு பெரியவர் காசு செருகிக் கும்பிட்டு நகர்ந்ததும், ஒரு பிள்ளை ஓடிவந்து திருகி மிட்டாயை எடுத்துக்கொள்ளும். துவாரம் காலியாகிவிடும். அடுத்த பெரியவர் வருவார். தொழிற்சாலையில் நான் பார்த்த எந்த வரிசையும் இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

எனக்கு முதலில் சந்தோஷம். பிறகு உறுத்தல். ஒரு தாளில் பெரிய எழுத்தில் "இது உண்டியல் அல்ல, மிட்டாய் இயந்திரம்" என்று எழுதி ஒட்டினேன். மறு வெள்ளிக்கிழமை பூக்கார அம்மாள் அந்தத் தாளுக்கும் நடுவில் குங்குமம் வைத்தாள். 'அல்ல' என்ற சொல் அதற்குள் மறைந்தது. அதைப் படித்துவிட்டும் போட்டார்கள். படிக்காமலும் போட்டார்கள். ஒருவர் படித்துவிட்டு என்னிடமே, மிட்டாய் இயந்திரமாக இருந்தால் என்ன, அவள் சந்நிதியில்தானே நிற்கிறது என்றார்.

அந்த அம்மாளுக்கு நான் வாராவாரம் எண்ணிக் கொடுத்த பங்கு எங்கே போனது என்று ஒருநாள் தெரிந்தது. என் கண்ணெதிரே, நான் கொடுத்த பணத்தில் ஐந்தை எடுத்துச் செருகினாள்.

"என்னம்மா இது, உன் பங்கை நீயே போடுறே?"

"ஆத்தாளுக்குப் போடறேன், நைனா. உனுக்கா போடறேன்?"

அவள் போட்ட காசுக்கும் நான் அவளுக்கு ஒரு ரூபாய் பங்கு தர வேண்டும். அதையும் அவள் போடுவாள். அதற்கும் பங்கு. ஐந்தில் ஒன்று, அந்த ஒன்றில் ஐந்தில் ஒன்று என்று இது எங்கே போய் முடியும் என்று அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியாது.

ஆடி பிறந்தது. கூட்டம் பெருகியது. வாரத்துக்கு இரண்டு முறை மிட்டாய் நிரப்பினேன். இப்படியே போனால் ஏப்ரலுக்குள் அட்வான்ஸ் முழுதும் திரும்பிவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் படியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

கூழ் ஊற்றும் ஞாயிறுக்கு முந்தின வாரம் கோயில் கமிட்டியார் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு பேர். தலைவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயது, கழுத்தில் மஞ்சள் துண்டு. மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறிவந்து, மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காத நைனா. மிசினு உன்னுது. உள்ள கீற துட்டு யாருது?"

ஒவ்வொரு காசுக்கும் ஒரு மிட்டாய் விழுந்திருக்கிறது, எண்ணிக் காட்டுகிறேன், ஒன்றுகூடப் பிசகாது என்றேன்.

"முட்டாயத் தின்னது யாரு? பசங்கோ. காசு போட்டது யாரு? பெரியவங்கோ. போட்டவங்களுக்கு நீ இன்னா குட்த்த?"

34 ஆண்டுகள் ஆய்வுப் பிரிவில் இருந்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை ஒரு மேலதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை. சரி, மிட்டாய்க்காகப் போட்ட காசும் இருக்குமே, அதைக் கழித்துவிட்டுச் சாமிக் காசை மட்டும் தருகிறேன் என்றேன்.

"கழிச்சிக்கோ. எது எதுன்னு காட்டு, பாக்கலாம்."

இரும்புப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன். 1,212 காசுகள். 6,060 ரூபாய். அத்தனையும் மஞ்சள், அத்தனையும் ஒரே அகலம், ஒரே தடிமன். சிலவற்றில் குங்குமம் ஒட்டியிருந்தது. குங்குமம் ஒட்டியது சாமிக்கு, ஒட்டாதது எனக்கு என்று பிரிக்கத் தொடங்கினேன். கமிட்டியாரில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பால்கனிக்குப் போய்விட்டார். முப்பது நாற்பது காசு பிரித்திருப்பேன். என் விரலில் இருந்த குங்குமம் மற்றக் காசுகளிலும் ஒட்டியது.

மனைவி அதுவரை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்படியே வாரிக் குடுத்துடுங்க" என்றாள்.

"மிட்டாய் வாங்கின செலவையாவது..."

"கழிக்காதீங்க. சாமி காசுல எனக்குக் கீழ் வீடு வேணாம். ஏறி எறங்கிக்கறேன்."

கொடுத்தேன். தலைவர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றில் முடிய வேண்டும் என்றார். மேலே ஒரு ரூபாய் கொடுத்து 6,061 ஆக்கினேன். கூழ் ஊற்றிய அன்று கோயில் வாசலில் வைத்த பெரிய பேனரில் என் படம் இருந்தது. ஓய்வூதியத்துக்குக் கொடுத்த பழைய படம், முறைத்துக்கொண்டிருந்தேன். கீழே உபயம் என்று போட்டிருந்தார்கள். தேநீர்க் கடைக்காரர் அதைப் படம் எடுத்து எனக்கே அனுப்பினார்.

இயந்திரத்தை எடுத்துவந்துவிடலாம் என்று போனேன். பூக்கார அம்மாள் மறித்தாள். அதைப் பெயர்த்தால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்றாள். பின்னால் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள், அவர்களும் சும்மா விடுவார்கள் என்று தோன்றவில்லை. சாவியைக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது மிட்டாய் நிரப்புவதும் காசு எடுப்பதும் அவர்கள்தான். தூங்கும்போதும் சம்பாதிக்கும் இயந்திரம் என்று பயிற்சியாளர் சொன்னது பொய்யில்லை. யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் மழையில் பல் மருத்துவரின் தரைத்தளம் மூழ்கியது. மிட்டாய்கள் கரைந்து உருண்டைக்குள் ஒரே கட்டியாயின. காலும் துருப்பிடித்தது. பழைய இரும்புக்காரர் 280 ரூபாய் கொடுத்தார். தேநீர்க் கடையில் இருந்ததைப் பயிற்சியாளர் 3,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்குப் புதுச் சிவப்பு அடித்து, அடுத்த வகுப்பில் 14,500 என்று விலை சொன்னதாகக் கேள்வி. அதன் கைப்பிடியில், தடித்த காசு நிற்காமல் போகட்டும் என்று நான் அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும். வாங்கியவர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அதே மழையில் எங்கள் கீழ் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. குடியிருப்பவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கேஸ் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு மேலே வந்து எங்களோடு மூன்று நாள் இருந்தார்கள். நான் ஏப்ரலை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த அட்வான்ஸ் பாதிக்கும் குறைவு. மூன்றாம் நாள் காலையில், அந்தப் பிள்ளையின் அம்மாவும் என் மனைவியும் ஈரத் துணி பிழிந்துகொண்டே பேசியது காதில் விழுந்தது.

"மாடி எவ்வளவு நல்லா இருக்கும்மா. பயமே இல்ல."

"அப்ப நீ இங்கயே இருந்துக்க. நாங்க கீழ போயிடறோம்."

அவ்வளவுதான் பேச்சு. அட்வான்ஸ் என்ற சொல்லே வரவில்லை. காலி செய்தால்தானே அட்வான்ஸ். மாடி மாறினால் எதற்கு? அதே வாடகை, அதே அட்வான்ஸ், வீடு மட்டும் தலைகீழ். ஆறு மாதங்களில் நான் எத்தனை தாளில் கணக்குப் போட்டேன் என்று எண்ணி வைத்திருக்கிறேன், இங்கே சொல்லமாட்டேன். ஒன்றில்கூட இது வரவில்லை.

கீழே மறுபடி தண்ணீர் வந்தால் என்ன செய்வாய் என்று மனைவியைக் கேட்டேன்.

"வெள்ளம் வருஷத்துல மூணு நாள். முழங்கால் வருஷம் பூரா" என்றாள்.

பொங்கல் கழித்துச் சாமான்களை மாற்றினோம். அந்த அட்வான்ஸில் பாதிக்கு மேல் இன்றும் என்னிடம் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நானும் அவர்களைப் போகச் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் நானும் இந்த வட்டாரத்து வீட்டு உரிமையாளர்களில் ஒருவனாகிவிட்டேன்.

பயிற்சிக் கட்டணத்திலிருந்து அன்றைய ரயில் டிக்கெட் பத்து ரூபாய்வரை, கொடுத்த பங்கு, உடைத்த வட்டி, உபயம் எல்லாவற்றையும் கூட்டி, வந்ததைக் கழித்தால் எனக்கு 48,442 ரூபாய் ஆகியிருந்தது. கணக்கை அத்துடன் மூடிவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. தரையிலேயே வாசல் இருப்பதால் மனைவி இப்போது கோயிலுக்கு நடந்தே போகிறாள். நானும் போனேன். வெளியே வந்ததும் இயந்திரத்தின் முன் நின்று என்னிடம் கை நீட்டினாள். மஞ்சள் காசாகப் பார்த்துக் கொடுத்தேன். செருகிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளைகள் தயாராக நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்துவிட்டுத் தானே கைப்பிடியைத் திருகினாள். பச்சை மிட்டாய் ஒன்று விழுந்தது. நான் கை நீட்டினேன்.

"உங்களுக்குச் சர்க்கரை" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.

48,447.